உழவு இயந்திரத்தின் பின்னே கொக்கு, கப்பலின் பின்னே அல்பட்ராஸ்

வாசகர் கேள்விகள்

அல்பட்ராஸ் என்னும் கடற்பறவை அழிந்து வருவது ஏன் என்று பதுளை வாசகர் ஒருவர் கேட்டிருந்ததற்கு, இழுவை வலைக் கப்பல்களும், ஒரே நீண்ட கயிற்றில் ஏராளமான தூண்டில்களைக் கோத்து மீன் பிடிக்கும் நெடுந்தூண்டில் கப்பல்களும் முக்கிய காரணங்கள் என்று சென்ற இதழில் இரண்டு வரியில் விடை எழுதியிருந்தேன். இரண்டு வரி போதவில்லை என்பதை அதன் பின்னர் வந்த கடிதங்கள் உணர்த்தின. கடலைப் பார்க்க ஒரு நாள் பயணம் போக வேண்டிய மலையகத்திலிருந்து கடற்பறவையைப் பற்றி இத்தனை பேர் எழுதுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, தொழிலையும் ஊரையும் மட்டும் குறிப்பிட்டுள்ளேன்.

ஆசிரியை, ஹட்டன்: உங்கள் விடையை ஒன்பதாம் தர வகுப்பில் வாசித்துக் காட்டினேன். "டீச்சர், வலை கடலுக்கு அடியில் போகிறது, பறவை மேலே பறக்கிறது, இரண்டும் எங்கே சந்திக்கின்றன?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். என்னால் விடை சொல்ல முடியவில்லை.

அந்தப் பிள்ளை கேட்டதுதான் இந்த விடயத்தின் மையக் கேள்வி, டீச்சர். இழுவை வலை என்றதும் எல்லோரும் வலையைத்தான் நினைக்கிறோம். ஆனால் பெரும்பாலான அல்பட்ராஸ்கள் சாவது வலையில் அல்ல, வலையை இழுக்கும் கம்பியில்.

பெரிய இழுவைக் கப்பலின் பின்பக்கத்திலிருந்து இரண்டு உருக்குக் கம்பி வடங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பெருவிரல் தடிப்பில், சரிவாகக் கடலுக்குள் இறங்குகின்றன. அவற்றின் மறுமுனையில், வலையின் வாயை அகலத் திறந்து வைத்திருப்பதற்கான இரண்டு கனத்த பலகைகளும், பலகைகளுக்குப் பின்னால் வலையும், கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் வந்துகொண்டிருக்கும். கப்பல் அப்போது ஓர் ஆள் விரைந்து நடக்கும் வேகத்திலேயே செல்லும். ஓர் இழுவை பல மணி நேரம் நீடிக்கும். அதே வேளையில், முந்தைய இழுவையில் அகப்பட்ட மீனைக் கப்பலுக்குள்ளேயே தலை வெட்டி, குடல் எடுத்துச் சுத்தம் செய்துகொண்டிருப்பார்கள். அந்தத் தலையும் குடலும், விலைபோகாத சிறுமீனும் கப்பலின் பக்கத்திலுள்ள துவாரம் வழியாகக் கடலில் கொட்டப்படுகின்றன.

வெலிமடைப் பக்கம் வயல் உழும் காலத்தில் போயிருந்தால், உழவு இயந்திரத்தின் பின்னால் கொக்குகள் வரிசையாக நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். சேறு புரளப் புரள, புழுவும் பூச்சியும் வெளியே வரும் என்று அவற்றுக்குத் தெரியும். இயந்திரத்தின் சத்தத்தையே சாப்பாட்டு மணியாக எடுத்துக்கொள்கின்றன. கப்பலின் பின்னால் நூற்றுக்கணக்கில் கூடும் கடற்பறவைகளின் கணக்கும் அதுதான். ஆனால் அல்பட்ராஸ் பருந்தைப் போலப் பாய்ந்து எடுத்துக்கொண்டு பறந்துவிடுவதில்லை. அது கழிவு மிதக்கும் நீரில் இறங்கி உட்கார்ந்து, இறக்கைகளை அரைவாசி விரித்தபடி, பக்கத்திலுள்ளவற்றைத் தள்ளிக்கொண்டு விழுங்கும். கழிவு விழும் இடத்துக்கும் கம்பி நீரைத் தொடும் இடத்துக்கும் இடையில் பெரும்பாலும் சில மீட்டர்கள்தாம். அலையில் கப்பலின் பின்பக்கம் எழுந்து தாழும்போது கம்பி நீரை வெட்டிக்கொண்டு நகரும். விரித்திருக்கும் இறக்கையின் மேல் அது விழுந்தால், ஓடும் நீரின் அழுத்தம் இறக்கையைக் கம்பியைச் சுற்றி மடக்கிவிடும். பறவையால் அதை உருவி எடுக்க முடியாது. கம்பி இழுக்கும் திசையில் நீருக்குள் போய், மூச்சடைத்து இறக்கும்.

நான் சிறுவனாக இருந்த தோட்டத்தில், மேல்மலையிலிருந்து இஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, கொழுந்து மூட்டை இறக்குகின்ற கம்பி ஒன்று பள்ளத்தாக்கின் குறுக்கே போனது. வெயில் நாளில் அது பளபளவென்று தெரியும். மூடுபனி இறங்கிய காலையில் கம்பி தெரியாது, மூட்டை மட்டும் வெறும் வானத்தில் வழுக்கிக்கொண்டு வரும். அப்படியான ஒரு காலையில் மணிப்புறா ஒன்று அந்தக் கம்பியில் மோதி, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் விழுந்ததை எடுத்துப் பார்த்திருக்கிறேன். இறக்கை தோளோடு ஒடிந்திருந்தது. அந்தப் புறாவாவது என் கைக்கு வந்தது. கப்பல் கம்பியில் சாகும் பறவைகளில் பெரும்பாலானவை யாருடைய கைக்கும் வருவதில்லை. கம்பியின் பிணைப்பிலோ, இழை அறுந்து முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்திலோ சிக்கிய உடல்கள் மட்டுமே வலையைத் தூக்கும்போது மேலே வருகின்றன. மற்றவை ஆழத்திலேயே கழன்று போய்விடுகின்றன. கப்பல் தளத்தில் கிடக்கும் உடல்களை மட்டும் எண்ணினால் உண்மைக் கணக்கு கிடைக்காது என்பதனால்தான், பிற்காலத்தில் பின்தளத்தில் ஓர் ஆளை நிறுத்தி, கம்பியில் மோதும் பறவைகளை நேரடியாக எண்ணத் தொடங்கினார்கள். பல ஆண்டுகளாக, "எங்கள் கப்பலில் பறவை சாவதில்லை" என்று மாலுமிகள் சொன்னது பொய்யல்ல. அவர்கள் கண்ணில் அது படவில்லை.

வலையிலும் பறவைகள் சாகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வலையை இறக்கும்போதும் தூக்கும்போதும் அது சிறிது நேரம் நீர்மட்டத்தில் தளர்ந்து மிதக்கும். கண்ணிகளில் செருகி நிற்கும் மீனை எடுக்க மூழ்கும் பெட்ரல், ஷியர்வாட்டர் போன்ற சிறிய பறவைகள் அப்போது சிக்கிக்கொள்ளும். இன்னொரு வில்லன், வலையின் நிலையை அறியும் கருவிக்குத் தகவல் கடத்துகின்ற மூன்றாவது கம்பி. மெல்லியதாகவும், மற்ற இரண்டைவிட வெகுதூரம் பின்னே நீருக்கு மேலாகவும் அது செல்வதால் பறவைகளின் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. தென்துருவக் கடலின் உயிரினங்களைப் பேணும் பன்னாட்டு ஆணைக்குழு, தன் எல்லைக்குள் அந்தக் கம்பியை 1990களின் நடுப்பகுதியிலேயே தடைசெய்தது.

மரக்கறித் தோட்டக்காரர், கந்தப்பளை: ஐயா, கப்பலில் நாடா கட்டிப் பறவையை விரட்டுகிறார்கள் என்று வானொலியில் கேட்டேன். நானும் கோவாப் பாத்திக்கு மேலே பழைய கேசட் நாடா கட்டுகிறேன். ஒரு வாரம்தான் வேலை செய்கிறது, அதற்குப் பிறகு குருவிகள் அதன் மேலேயே வந்து உட்காருகின்றன. கடலில் மட்டும் அது எப்படி வேலை செய்யும்?

உங்கள் சந்தேகம் நியாயமானது. பாத்தியில் தோற்றுப்போன வித்தை கடலில் வெல்வதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்வதற்கு முன்னர் அந்த நாடா எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன்.

கப்பலின் பின்பக்கத்தில், கம்பி வடத்துக்குச் சற்று வெளிப்புறமாக, உயரமான ஓர் இடத்தில் நீண்ட கயிறு ஒன்றைக் கட்டுகிறார்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. கயிற்றின் மறுமுனையில் ஒரு மிதவையோ நீரில் இழுபடும் வேறொரு பொருளோ இருக்கும். கப்பல் ஓட ஓட அது பின்னே இழுபடுவதால் கயிறு விறைப்பாக நிற்கும். கயிற்றிலிருந்து சில மீட்டருக்கு ஒன்றாக, பளிச்சென்ற நிறத்தில், நீர் வரை எட்டும் நீளத்தில் பட்டிகள் தொங்கும். அலையிலும் காற்றிலும் அவை ஓயாமல் ஆடுவதால், கம்பி நீரில் இறங்கும் இடத்தைச் சுற்றி ஒரு வேலி போட்டது போலாகிவிடும். இதை ஜப்பானிய மொழிச் சொல்லால் 'தோரி' கயிறு என்று சொல்வார்கள். அந்த மொழியில் தோரி என்றால் பறவை. முதலில் இதைக் கண்டுபிடித்தவர்கள் விஞ்ஞானிகள் அல்லர், சூரை பிடிக்கும் ஜப்பானிய நெடுந்தூண்டில்காரர்கள். தூண்டிலில் குத்திய இரையைப் பறவை பறித்துக்கொண்டு போவது அவர்களுக்கு நட்டம் என்பதால் செய்த ஏற்பாடு அது. இழுவைக் கப்பலுக்கு வந்து சேர்ந்தது பின்னர்.

இப்போது உங்கள் குருவிக்கு வருவோம். உங்கள் பாத்தியில் நாடா இரவு பகலாக ஒரே இடத்தில் நிற்கிறது. அதே குருவிகள், அதே கோவா. ஒரு வாரத்தில் அவற்றுக்கு அது வேலிக்கம்பியைப் போல ஆகிவிடுகிறது. மேலும், உங்களுக்குக் குருவி பாத்தியில் எந்த மூலையிலும் இறங்கக்கூடாது. கப்பல்காரருக்கு அந்தத் தேவையே இல்லை. பறவை அங்கிருந்து போக வேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பதில்லை. கம்பி நீரைத் தொடுகின்ற அந்தச் சில சதுர மீட்டரில் மட்டும் அது உட்காராமல் இருந்தால் போதும். பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்து அது வயிறு நிறையத் தின்னட்டும். கேட்பது குறைவு என்பதால் கிடைப்பது எளிது. அதோடு, ஏறத்தாழ இரண்டு மீட்டரும் அதற்கு மேலும் இறக்கை விரிக்கும் பறவைக்கு, ஆடுகின்ற பட்டிகளுக்கு இடையில் நுழைந்து இறங்குவது உண்மையாகவே ஆபத்தானது. உங்கள் தோட்டத்துக் கொண்டைக்குருவிக்கு நாடா வெறும் பூச்சாண்டி. அல்பட்ராஸுக்கு அது பூச்சாண்டி மட்டுமல்ல, தடையும் கூட.

இது வேலை செய்யும் என்பதற்குத் தென்னாபிரிக்கா நல்ல சாட்சி. அங்கே ஹேக் என்னும் மீனைப் பிடிக்கும் இழுவைக் கப்பல்களின் கம்பிகளில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கடற்பறவைகள் செத்துக்கொண்டிருந்தன என்பது 2004, 2005 அளவில் கப்பலில் ஆள் நிறுத்தி எண்ணியபோதுதான் தெரியவந்தது. 2006இல் பறவை விரட்டும் கயிறு அங்கே கட்டாயமாக்கப்பட்டது. 2010 அளவில் மீண்டும் எண்ணிப் பார்த்தபோது, அல்பட்ராஸ்களின் சாவு 99 சதவீதம் குறைந்திருந்தது. அதே 2006ஆம் ஆண்டில்தான், பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் என்னும் பறவைகள் பாதுகாப்பு அமைப்பும் பிரித்தானியாவின் அரச பறவைகள் பாதுகாப்புச் சங்கமும் சேர்ந்து, மாலுமிகளோடு கடலுக்குப் போய்க் கயிறு கட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு குழுவைத் தென்னாபிரிக்காவில் தொடங்கின. சட்டம் மட்டும் வந்திருந்தால் 99 வந்திருக்காது என்பது என் எண்ணம். மேசையில் எழுதிய சட்டத்தை அலையில் ஆடும் தளத்துக்குக் கொண்டுபோவதற்கு, கயிறு எங்கே சிக்குகிறது, எந்தக் காற்றில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கூடவே நின்று பார்த்தவர்கள் வேண்டியிருந்தார்கள்.

பக்கத்து நாடான நமீபியா 2015இல் இழுவைக் கப்பலுக்கும் நெடுந்தூண்டில் கப்பலுக்கும் சேர்த்து இதே சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் பின்னர் நெடுந்தூண்டில் கப்பல்களில் பறவைச் சாவு 98 சதவீதம் குறைந்ததாக ஆய்வு காட்டியது. அங்கே வால்விஸ் பே என்னும் துறைமுக ஊரில், மெமே இட்டும்பாபோ என்ற பெண்கள் குழுவினர் இந்தக் கயிறுகளைக் கையால் கட்டிக் கப்பல்களுக்கு விற்கிறார்கள். பறவை பிழைக்கும் வழியில் சில குடும்பங்களுக்கும் வருமானம் வந்திருக்கிறது. உங்கள் ஊரில் கூடை பின்னும் பெண்களிடம் கொடுத்தால் ஒரே பகலில் கற்றுக்கொண்டுவிடுவார்கள். அத்தனை எளிமையான பொருள்.

குறைகளும் உண்டு. குறுக்குக் காற்று அடித்தால் கயிறு கம்பியைவிட்டு விலகிவிடும். பட்டிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். சில வேளை கயிறே போய்க் கம்பியில் சிக்கும். கயிற்றுக்குப் பதிலாகக் கப்பலின் பின்மூலைகளில் நீட்டுகோல் பொருத்தி அதிலிருந்து திரைபோலத் தொங்கவிடும் ஏற்பாடும் உண்டு. நியூசிலாந்து 2006இல் 28 மீட்டரும் அதற்கு மேலும் நீளமான இழுவைக் கப்பல்களுக்கு இத்தகைய கருவிகளில் ஏதாவது ஒன்றைக் கட்டாயமாக்கியது. போக்லாந்து தீவுகளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தபோது, தொங்கும் திரையைவிடத் தோரி கயிறே தெளிவாக மேலாக இருந்தது. அவுஸ்திரேலியாவின் தென்கிழக்கில் சில கப்பல்கள், கம்பி இறங்கும் இடத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கின்றன.

ஆனால், ஐயா, இவையெல்லாம் இரண்டாம் நிலை மருந்துகள். பறவை வருவது கழிவுக்காக. கம்பி நீரில் இருக்கும் நேரம் முழுவதும் கழிவைக் கொட்டாமல் தொட்டியில் சேர்த்துவைத்து, வலையைத் தூக்கிய பின்னர் கொட்டினால், கம்பி ஓடும் நேரத்தில் கப்பலின் பின்னால் பறவைக்கு வேலை இல்லை. கழிவை அரைத்து மீன்தூளாக்கும் இயந்திரம் உள்ள கப்பலில் பிரச்சினை இன்னும் குறையும். இதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்று ஆராய்ந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். இதுதான் எல்லாவற்றிலும் பின்தங்கி நிற்கிறது. பழைய கப்பலில் தொட்டி வைக்க இடமில்லை, இடம் ஒதுக்கினால் அந்த அளவுக்கு மீன் குறையும், பணம் குறையும். நாடா மலிவு, தொட்டி செலவு. எது முதலில் பரவியது என்று வியப்பதற்கு ஒன்றுமில்லை.

உயர்தர மாணவர், பண்டாரவளை: ஒரு கப்பலில் ஓர் இழுவைக்கு ஒரு பறவைகூடச் சாகாமல் இருக்கலாம் என்கிறார்கள். கோழியைப் போல முட்டையிட்டு ஈடுசெய்துகொள்ளாதா?

தம்பி, கோழியின் கணக்கை இங்கே கொண்டுவர முடியாது. பெரிய அல்பட்ராஸ் இனங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முட்டை இடுகின்றன, ஒன்றே ஒன்று. பதினொரு வாரம் அடைகாத்து, ஏறத்தாழ ஒன்பது மாதம் குஞ்சுக்கு இரை கொண்டுவந்து கொடுக்கின்றன. அந்தக் குஞ்சு தன் முதல் முட்டையை இடப் பத்து ஆண்டுவரை ஆகும். தாயும் தகப்பனும் மாறி மாறி ஊட்டினால்தான் குஞ்சு பிழைக்கும். ஆகவே கம்பியில் ஒரு பறவை செத்தால் கூட்டிலுள்ள குஞ்சும் பெரும்பாலும் சாகும். மிஞ்சிய துணை இன்னொரு சோடி தேட ஆண்டுகள் எடுக்கும்.

இந்தப் பறவைகளின் வாழ்வு முறையே, பெரியவை நெடுங்காலம் உயிரோடிருக்கும் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது. வட பசிபிக்கின் மிட்வே தீவில், 1956ஆம் ஆண்டு காலில் வளையம் போடப்பட்ட 'விஸ்டம்' என்னும் பெண் லேசன் அல்பட்ராஸ், 2024ஆம் ஆண்டின் இறுதியிலும் ஒரு முட்டை இட்டது. வளையமிட்டபோதே அது முதிர்ந்த பறவை. ஓர் இழுவைக்கு ஒன்றுகூட இல்லை என்பதை ஆண்டுக்கு எத்தனை கப்பல், கப்பலுக்கு எத்தனை இழுவை என்று பெருக்கிப் பாருங்கள். உலகிலுள்ள 22 அல்பட்ராஸ் இனங்களில் பெரும்பாலானவை அருகிவரும் பட்டியலில் இருப்பதற்கு அந்தப் பெருக்கல் போதும்.

மீன் வியாபாரி, தலவாக்கலை: திருகோணமலை, நீர்கொழும்பிலிருந்து லொறியில் மீன் எடுத்து விற்கிறேன், கடையில் டின் மீனும் உண்டு. உங்கள் பகுதியைப் படித்த வாடிக்கையாளர் ஒருவர், "நீங்கள் விற்பது பறவையைக் கொன்று பிடித்த மீனா?" என்று கேட்டுவிட்டார். என்ன சொல்வது?

இந்த இழுவைக் கம்பிப் பிரச்சினையில் உங்கள் லொறிக்குப் பெரிய பங்கு இல்லை என்று அவரிடம் சொல்லலாம், முதலாளி. கடலடியை வாரும் இழுவை வலையை இலங்கை 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் தடைசெய்துவிட்டது. இழுவைப் படகு என்றதும் நம் நாட்டுத் தமிழருக்கு நினைவுக்கு வருவது பாக்கு நீரிணையில் வடபகுதி மீனவருக்கும் எல்லை தாண்டி வரும் இந்தியப் படகுகளுக்கும் இடையிலான தகராறு. அங்கே அழிவது கடலடியும், மீன் குஞ்சும், வடபகுதி மீனவரின் வலையும். அது வேறு வழக்கு, அதன் நியாயம் வேறு. அதையும் அல்பட்ராஸையும் ஒரே மூட்டையில் கட்டினால் இரண்டும் குழம்பும். அல்பட்ராஸ் கம்பியில் சாவது பெரும்பாலும் தென்கோளத்தின் குளிர்ந்த கடல்களில்: தென்னாபிரிக்கா, நமீபியா, ஆர்ஜென்டீனா, போக்லாந்து, நியூசிலாந்து ஆகியவற்றை ஒட்டிய நீரில்.

அதற்காக மற்ற மீன்பிடி எல்லாம் பறவைக்குப் பாதுகாப்பானது என்று பொருளல்ல. நம் பலநாட் கலங்கள் பயன்படுத்தும், மீனின் செவுள் கண்ணியில் மாட்டிக்கொள்ளும் செவுள் வலையும் நெடுந்தூண்டிலும் உலகளவில் பார்த்தால் இழுவைக் கம்பிக்குக் குறைந்தவை அல்ல. செவுள் வலைகளில் ஆண்டுக்குக் குறைந்தது 4,00,000 கடற்பறவைகளும், நெடுந்தூண்டில்களில் குறைந்தது 1,60,000 கடற்பறவைகளும் சாகின்றன என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. ஆனால் அவற்றில் மிகுதியானவை அகப்படுவது நம்முடையதைப் போன்ற வெப்பக் கடல்களில் அல்ல. டின் மீனைப் பொறுத்தவரை, அதிலுள்ள கானாங்கெளுத்தி வகை மீன்களைப் பெரும்பாலும் இழுவை வலையால் அல்ல, கூட்டத்தைச் சுற்றி வளைக்கும் சுருக்குவலையால் பிடிக்கிறார்கள். சிலி நாட்டில் சுருக்குவலையிலும் ஒருவகை ஷியர்வாட்டர் சிக்கிச் செத்ததால், வலையின் தொங்கல்களைக் குறைத்து வடிவமைப்பை மாற்றியிருக்கிறார்கள்.

டின்னின் மேல் வலையின் வகையை அச்சிட்டால் வாங்குபவர் தானே பார்த்துக்கொள்வார். நான் அண்மையில் ஹட்டன் கடையொன்றில் நான்கு டின்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உற்பத்தியான நாடு, காலாவதித் திகதி, உப்பின் அளவு எல்லாம் இருந்தன. எந்த வலை என்று ஒன்றிலும் இல்லை. கடைக்காரத் தம்பி, "ஐயா, டின் நசுங்கியிருக்கிறதா என்று பார்க்கிறீர்களா?" என்று கேட்டார்.

ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி, மஸ்கெலியா: ஐயா, பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் சிறுத்தை மாட்டினால் எங்கள் ஆட்களைத்தான் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கப்பலில் வேலை செய்பவனும் கூலிக்காரன்தானே? பறவையைக் காப்பாற்றுகிறேன் என்று அவன் வயிற்றில் அடிப்பது நியாயமா?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 2020ஆம் ஆண்டு மே மாதம், உங்கள் ஊருக்கு அருகே நல்லதண்ணிப் பகுதியில் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். சுருக்கு வைத்தவருக்குச் சிறுத்தையின் மேல் கோபம் இல்லை. மரக்கறிப் பாத்தியைக் கிளறும் பன்றியின் மேல்தான் கோபம். குறி ஒன்று, விழுந்தது வேறொன்று என்ற வகையில் இழுவைக் கம்பியும் அதே சாதிதான்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சுருக்கை எடுத்துவிட்டால் பன்றி பாத்திக்குள் வந்துவிடும். தோட்டக்காரருக்கு நட்டம் உண்டு. கப்பலில் நாடா கட்டினால் ஒரு மீன்கூடக் குறையாது, ஏனென்றால் மீன் வருவது ஆழத்திலுள்ள வலைக்கு, பறவை சாவது மேலேயுள்ள கம்பியில். கயிறும் பட்டியும் ஒரு கப்பலின் செலவில் எண்ணெய்க் கணக்குக்குப் பக்கத்திலே நிற்காத தொகை. ஆகவே வயிற்றில் அடிக்கும் கதை இங்கே பொருந்தாது.

என்றாலும் நீங்கள் தொட்ட இடம் வேறு, அதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கயிற்றை ஒவ்வோர் இழுவைக்கும் இறக்குவதும், வலையைத் தூக்குமுன் சுருட்டி எடுப்பதும், முறுக்கிக்கொண்டால் பிரிப்பதும், குளிர்க் காற்றில், நனைந்த தளத்தில், கனத்த கம்பி ஓடும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் செய்ய வேண்டிய வேலை. பல கப்பல்களில் அவருக்குக் கூலி, பிடிபடும் மீனின் பங்கிலிருந்து வருகிறது. கயிற்றுக்கென்று ஒரு சதமும் இல்லை. கிலோக் கணக்கில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, "போகிற போக்கில் அந்தக் களையையும் பிடுங்கிவிடு" என்று சொன்னால் மலையில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டம் கட்டாயப்படுத்திய கப்பல்களிலும், கண்காணிப்பாளர் இல்லாத பயணங்களில் கயிறு பெட்டிக்குள்ளேயே கிடப்பதுண்டு என்றால், அதற்கு மாலுமியின் மனக்கொடுமை காரணம் அல்ல. கூடுதல் வேலையை யார் தலையில் வைத்தோம், அதற்கு என்ன கொடுத்தோம் என்பதே காரணம். அபராதம் விதிப்பதானால் அது கப்பல் முதலாளிக்கும் கப்டனுக்கும் போக வேண்டும், பின்தளத்தில் நிற்பவருக்கு அல்ல. இந்த இடத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம்.

பாடசாலை மாணவி, பதுளை: இந்தப் பறவைகளை இலங்கையில் பார்க்க முடியுமா? எங்கள் பாடசாலைக் கண்காட்சிக்குத் தோரி கயிற்றின் மாதிரி ஒன்று செய்ய வேண்டும், எப்படிச் செய்வது?

அல்பட்ராஸை எதிர்பார்க்க வேண்டாம், மகள். ஆனால் அதன் உறவுப் பறவைகளும் வேறு கடற்பறவைகளும் நம் கடலில் போகின்றன. மேற்கு அவுஸ்திரேலியாவின் தென்கரைத் தீவுகளில் கூடு கட்டுகின்ற, இளஞ்சிவப்புக் காலும் கரும்பழுப்பு உடலும் கொண்ட ஒரு ஷியர்வாட்டர், அங்கே குளிர்காலம் தொடங்கும்போது வடக்கே இந்து சமுத்திரத்துக்கு வருகிறது. மே மாத அளவில் நம் கடற்பரப்பிலும் காணலாம். ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை மேற்குக் கரையோரமாகத் தெற்கு நோக்கி ஆலாக்கள் பெருந்திரளாகப் போகும். மன்னாருக்கு அப்பால் ஆதாம் பாலத்து மணல்திட்டுகளில் ஆலாக்கள் கூடு கட்டுகின்றன; அந்தப் பகுதி 2015இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

மாதிரிக்கு, துணி துவைக்கும் பெரிய பேசின் ஒன்றும் ஒரு பலகைத் துண்டும் போதும். பலகையைக் கப்பலாக வைத்துக்கொண்டு, அதன் பின்பக்கத்தில் இரண்டு சைக்கிள் பிரேக் கம்பிகளைச் சரிவாக நீருக்குள் இறக்குங்கள். அவற்றுக்கு வெளிப்பக்கமாக, பலகையில் ஈர்க்குக் குச்சி நட்டு, அதன் உச்சியிலிருந்து இரண்டு நூல்களைப் பின்னே கட்டி, நுனியில் ஒரு தக்கையைக் கோர்த்துவிடுங்கள். நூலில் விரலிடைக்கு ஒன்றாகச் சிவப்புப் பட்டி தொங்க வேண்டும். பட்டியின் நுனி நீரைத் தொட வேண்டும், நீருக்குள் மூழ்கக் கூடாது. கடைசி விடயம் முக்கியம்: பலகையை ஒரு நூலால் மெல்ல இழுத்துக் காட்டுங்கள். நிற்கும் கப்பலில் தக்கை பின்னே இழுபடாது, நூல் தொய்ந்து பட்டி எல்லாம் கம்பியில் போய் ஒட்டிக்கொள்ளும். நான் வீட்டில் செய்து பார்த்தபோது முதல் தடவை அப்படித்தான் ஆனது.